எட்டுக்காலின் மேல் விழும் பழி
(டாக்டரிடம் கேளுங்கள்)

சென்ற இதழில் தோல் அரிப்பு பற்றி எழுதும்போது, "சிலந்திக்கடி என்று வருகிறவர்களில் பெரும்பாலானோரைச் சிலந்தி கடித்திருப்பதில்லை" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். வாசகர்கள் விடுவதாக இல்லை. சிலர் கோபமாக எழுதியிருக்கிறார்கள், சிலர் பயந்துபோய் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் தன்னைக் கடித்ததைப் படமாகவே வரைந்து அனுப்பியிருக்கிறார். படம் நன்றாக வந்திருக்கிறது, ஆனால் கால்கள் ஆறுதான். ஆறு கால் என்றால் அது சிலந்தியே இல்லை ஐயா! சரி, இந்த முறை முழுக்கச் சிலந்திதான்.

என் ஒன்பது வயது மகன் காலையில் எழுந்தபோது முன்கை சிவந்து வீங்கியிருந்தது. நடுவில் இரண்டு புள்ளிகள் தெரிகின்றன. ஒரே அரிப்பு. குளியலறை மூலையில் நீளக்கால் சிலந்தி ஒன்று இருக்கிறது, அதுதான் கடித்திருக்கும் என்கிறார் மாமியார். உடனே ஆஸ்பத்திரி போகணும் என்கிறார் கணவர். என்ன செய்வது டாக்டர்?
— ஒரு தாய்

முதலில் பையனைப் பாருங்கள், குளியலறையை அப்புறம் பார்க்கலாம். உதடு, கண் இமை, நாக்கு வீங்குகிறதா? மூச்சு இழுக்கிறதா? குரல் கம்முகிறதா? உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக வருகிறதா? மயக்கம் வருகிறது என்கிறானா? இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு அவசர சிகிச்சைக்குக் கிளம்பிவிடுங்கள். அது ஒவ்வாமையின் கடுமையான வடிவம். எது கடித்தது என்ற ஆராய்ச்சிக்கு அப்போது நேரமில்லை. அப்படி எதுவும் இல்லை, பையன் சொறிந்துகொண்டே விளையாடுகிறான் என்றால் கணவரை உட்காரச் சொல்லுங்கள்.

மாமியாரின் வாதத்துக்கு வருவோம். குளியலறை மூலையில் ஒழுங்கில்லாத வலையில் தலைகீழாகத் தொங்கும் அந்த நீளக்கால் சிலந்தி மனிதனுக்கு ஆபத்தானதல்ல. உலகில் இதுவரை பெயரிடப்பட்ட சிலந்தி இனங்கள் 50,000-க்கும் மேல். அவற்றில் மனிதனுக்கு உண்மையான கெடுதல் செய்யக்கூடியவை மிகச் சிலதான். ஏறக்குறைய எல்லாச் சிலந்திக்கும் விஷம் உண்டு, ஆனால் அது ஈயையும் கரப்பானையும் மடக்குவதற்கான விஷம். பல இனங்களின் கடிப்பற்கள் நம் தோலைத் துளைக்கும் அளவுக்கு நீளமும் இல்லை, வலுவும் இல்லை.

இன்னொன்று, சிலந்தி இரத்தம் குடிக்கும் பிராணியல்ல. கொசுவுக்கும் மூட்டைப்பூச்சிக்கும் நாம் சாப்பாடு, அதனால் தேடி வருகின்றன. சிலந்திக்கு நம்மிடம் எந்த வேலையும் இல்லை. தூங்குகிறவன் மேல் ஏறி வந்து கடித்துவிட்டுப் போக அதற்கு ஒரு காரணமும் கிடையாது. சட்டைக்கைக்குள்ளோ போர்வை மடிப்பிலோ மாட்டி, நசுங்கப்போகும் நேரத்தில்தான் கடிக்கும். அதனால்தான் உண்மையான சிலந்திக்கடி பெரும்பாலும் ஒரே இடத்தில், ஒரே ஒரு கடியாக இருக்கும். மூன்று நான்கு தடிப்புகள் இருந்தால், அதுவும் வரிசையாக இருந்தால், மெத்தையின் தையல் ஓரத்தைப் பிரித்துப் பாருங்கள், மூட்டைப்பூச்சி இருக்கலாம். கணுக்காலைச் சுற்றி மட்டும் என்றால் தெள்ளுப்பூச்சி.

அந்த இரண்டு புள்ளிகளையும் நம்பாதீர்கள். இரண்டு பல் தடம் இருந்தால் சிலந்தி என்பது கதைகளில் வரும் அடையாளம். நிஜமான கடியில் பல நேரம் தடமே கண்ணுக்குத் தெரியாது. அரிக்கிற இடத்தைக் குழந்தை நகத்தால் கிள்ளினால் இரண்டென்ன, நாலு புள்ளி வரும்.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியையோ, துணியில் சுற்றிய ஐஸையோ பத்து நிமிடம் வையுங்கள். எடுத்துவிட்டு, வேண்டுமானால் கொஞ்சம் கழித்து மறுபடி வைக்கலாம். ஐஸை நேராகத் தோலில் வைக்காதீர்கள், அதுவே தோலைப் புண்ணாக்கும். கடி கையில் என்பதால் மோதிரம், காப்பு, கடிகாரம் எதுவானாலும் இப்போதே கழற்றிவிடுங்கள். வீங்கிய பிறகு கழற்றுவது பெரும்பாடு. கையைத் தலையணை மேல் உயர்த்தி வைக்கலாம். அரிப்புக்கு கலமைன் லோஷன் போதும். தூங்கவிடாமல் அரித்தால் செட்ரிசின் மாதிரி ஒவ்வாமை மருந்து உதவும். ஆனால் குழந்தைக்கான அளவை மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்டுக் கொடுங்கள். உங்கள் மாத்திரையில் பாதி என்று நீங்களே கணக்குப் போட வேண்டாம். வலித்தால் எடைக்கேற்ற பாராசிட்டமால். ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கூடாது. நகத்தையும் ஒட்ட வெட்டிவிடுங்கள். புண் பழுப்பதற்குக் கடித்த பூச்சியைவிடச் சொறிகிற நகமே அதிகம் காரணமாகிறது.

கடைசியாக, ஒரு பேனாவை எடுங்கள். சிவப்பு எங்கே முடிகிறதோ அந்த ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் மணியை எழுதி வையுங்கள். என் மேசையில் ஸ்டெதஸ்கோப் இல்லாவிட்டாலும் சமாளிப்பேன், பால்பாயின்ட் பேனா இல்லாமல் முடியாது. "நேற்றைவிடப் பெரிசாயிடுச்சு டாக்டர்" என்று அம்மாவும், "இல்லை, அப்படியேதான் இருக்கு" என்று அப்பாவும் என் எதிரிலேயே சண்டை போடுவார்கள். கோடு இருந்தால் சண்டை இல்லை.

பூச்சிக்கடி வீக்கம் முதல் ஒன்றிரண்டு நாள் கூடிவிட்டு அப்புறம் வடியும். அந்த நாட்களில் கோட்டைக் கொஞ்சம் தாண்டினாலும், அரிப்புதான் முக்கியத் தொல்லை, பையன் தெம்பாக இருக்கிறான் என்றால் பயமில்லை. அதற்குப் பிறகும் கோட்டைத் தாண்டிப் பரவுகிறது, தொட்டால் சுடுகிறது, அரிப்பு போய் வலி வந்திருக்கிறது, சீழ் கோக்கிறது, அந்த இடத்திலிருந்து அக்குளை நோக்கிச் சிவப்புக் கோடு ஓடுகிறது, காய்ச்சல் அடிக்கிறது. இவற்றில் எது வந்தாலும் அது கிருமித்தொற்று, மருத்துவர் பார்க்க வேண்டும். இரண்டு நாள் ஆகட்டும் என்று காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே போங்கள்.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். விஷக்கடி என்றால் கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டி, பிளேடால் கீறி, இரத்தத்தை உறிஞ்சித் துப்ப வேண்டும் என்று முதலுதவி வகுப்பில் படித்தோம். இப்போது அதெல்லாம் தவறு என்கிறார்களே?

ஆமாம் ஐயா, தவறுதான். இறுக்கிக் கட்டினால் கீழ்ப்பகுதிக்கு இரத்தம் போகாது. சிலந்தி கொடுத்த சின்னப் புண்ணை, கை அழுகும் பிரச்சினையாக நாமே ஆக்கிவிடுவோம். கீறினால் கிருமிக்கு வாசல் திறந்து வைத்த மாதிரி. உறிஞ்சினால் விஷம் வராது, வாயில் இருக்கும் கிருமிதான் புண்ணுக்குள் போகும். விஷத்தை இழுக்கும் என்று விற்கிற உறிஞ்சு பம்புகளையும் வாங்காதீர்கள். சூடு வைப்பது, பற்பசை தடவுவது, மண்ணெண்ணெய் ஊற்றுவது எதற்கும் பலனில்லை. எனக்கு இதில் இன்னொரு தனிப்பட்ட கோபமும் உண்டு: வெள்ளையாகப் பற்பசையைப் பூசிக்கொண்டு வந்தால் அடியில் தோல் என்ன நிறத்தில் இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

சிலந்திக்கடிக்குக் கட்டுப் போடுவதில் முக்கியமான விதிவிலக்கு ஒன்று உண்டு, அதைச் சொல்லாவிட்டால் ஆசிரியரான நீங்களே பிடித்துவிடுவீர்கள். ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதியில் புனல்வலைச் சிலந்தி என்று ஒன்று உண்டு. உலகிலேயே மிக ஆபத்தான சிலந்திகளில் அது ஒன்று. அதன் விஷம் நிமிடக்கணக்கில் நரம்பைத் தாக்கும். அது கடித்தால் கை, கால் முழுவதையும் அகலமான பட்டைத்துணியால் அழுத்திச் சுற்றி, பலகை வைத்து அசையாமல் கட்டி, ஆளை நடக்கவிடாமல் தூக்கிப் போவார்கள். இது சுளுக்குக்குச் சுற்றும் கட்டு மாதிரி. இரத்த ஓட்டத்தை நிறுத்தும் கயிற்றுக்கட்டு அல்ல. 1981-இல் அந்தச் சிலந்திக்கு முறிமருந்து வந்தது. அதற்குப் பிறகு அதன் கடியால் இறந்ததாக அங்கே பதிவே இல்லை. அதே ஆஸ்திரேலியாவில், முதுகில் சிவப்புப் பட்டை உள்ள ரெட்பேக் சிலந்தி கடித்தால் இந்தக் கட்டைப் போடக்கூடாது என்கிறார்கள். அந்த விஷம் மெதுவாகத்தான் வேலை செய்யும், அழுத்தினால் வலிதான் கூடும். ஆக, புனல்வலைச் சிலந்தி இல்லாத இடத்தில் இருப்பவர்கள் சிலந்திக்கடிக்குக் கட்டு என்பதையே மறந்துவிடலாம்.

டாக்டர் அம்மா, காலையில் எழுந்து பார்த்தால் கழுத்தில் சாட்டையால் அடித்த மாதிரி ஒரு கோடு, அதன் மேல் சின்னச் சின்னக் கொப்புளம். எரிகிறது. சிலந்தி ஊர்ந்துபோய்ச் சிறுநீர் கழித்துவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையா?
— விடுதி மாணவி

இந்தப் பாவத்தில் சிலந்திக்குப் பங்கே இல்லை. சிலந்தியின் கழிவு தோலைப் பொத்துவிடாது. அந்தக் கோட்டுக்கு இரண்டு பேர் மேல் எனக்குச் சந்தேகம்.

ஒன்று, பெடரஸ் என்ற வண்டு. ஒரு சென்டிமீட்டர்கூட நீளமிருக்காது. கறுப்பும் ஆரஞ்சும் மாறி மாறி, பார்த்தால் பெரிய எறும்பு என்றே நினைப்போம். மழைக்காலத்தில் ராத்திரி விளக்கு வெளிச்சத்துக்கு வரும். அது கடிக்காது, கொட்டாது. கழுத்தில் ஏதோ ஊர்கிறதே என்று தூக்கத்தில் தட்டித் தேய்க்கிறோம் பாருங்கள், அப்போது நசுங்கும் அதன் உடம்பிலிருந்து பெடரின் என்ற நச்சுத் திரவம் வருகிறது. தேய்த்த வழியெல்லாம் கோடாகிவிடும். அடுத்த ஒன்றிரண்டு நாளில்தான் எரிச்சலும் கொப்புளமும் வரும் என்பதால், காரணமான வண்டு அதற்குள் யாருக்கும் நினைவிருக்காது. முழங்கை மடிப்பில் பட்டால் மடியும் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்த்தபடி புண் வரும், அது இதற்கே உரிய அடையாளம். சோப்புப் போட்டுக் கழுவி, குளிர்ந்த துணி வையுங்கள். கையைக் கண்ணுக்குக் கொண்டுபோகாதீர்கள். தலையணை உறையைத் துவைத்துவிடுங்கள். ஒரு வாரம், பத்து நாளில் காய்ந்துவிடும், கறை மட்டும் கொஞ்ச நாள் இருக்கும். இனி மேலே ஊர்ந்தால் தட்டாமல் ஊதிவிடுங்கள்.

இரண்டாவது சந்தேகம் அக்கி. கொப்புளம் உடம்பின் ஒரே பக்கத்தில் பட்டையாக இருக்கிறதா? அது வருவதற்கு முன்பே அந்த இடத்தில் எரிச்சலோ குத்தலோ இருந்ததா? சின்ன வயதில் சின்னம்மை வந்ததா? இதற்கெல்லாம் ஆமாம் என்றால் தாமதிக்காதீர்கள். அக்கிக்கான மருந்தைக் கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். நெற்றியிலோ கண்ணருகிலோ மூக்கு நுனியிலோ வந்தால் அன்றைக்கே கண் மருத்துவரும் பார்க்க வேண்டும். சிலந்தி மேல் பழியைப் போட்டுவிட்டு ஒரு வாரம் கழித்து வருகிறவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு வருத்தம்.

பழைய மரப்பெட்டிகளை அடுக்கும்போது விரலில் ஊசி குத்தின மாதிரி இருந்தது. பெட்டிக்கு அடியில் பளபளப்பான கறுப்புச் சிலந்தி ஒன்று ஓடியதைப் பார்த்தேன். முக்கால் மணி நேரத்தில் கை முழுக்க வலி, அப்புறம் வயிறு கல் மாதிரி இறுகிவிட்டது. வேர்த்துக் கொட்டியது. மருத்துவமனையில் குடல்வால் என்று சந்தேகப்பட்டு ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டு நாளில் சரியாகிவிட்டது. அது சிலந்திதானா?
— கிடங்கு ஊழியர்

வந்த கடிதங்களிலேயே உங்களுடையதைத்தான் நான் இரண்டு தடவை படித்தேன். குத்தியதை உணர்ந்திருக்கிறீர்கள், ஓடியதைக் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள், அறிகுறிகள் நேரப்படி அடுத்தடுத்து வந்திருக்கின்றன. நீங்கள் சொல்வது கறுப்பு விதவைச் சிலந்தி வகையின் கடிக்கு அப்படியே பொருந்துகிறது. பளபளப்பான உருண்டை வயிறு, பல இனங்களில் அதில் சிவப்புக் குறி. பெட்டி, விறகு, பூந்தொட்டி, வெளிக் கழிப்பறை என்று யாரும் தொடாத இருட்டில் தாறுமாறான வலை கட்டி இருக்கும். கடிப்பது பெண் சிலந்திதான். ஆண் மிகச் சிறியது, அதனால் மனிதனுக்கு ஆபத்தில்லை.

இதன் விஷம் நரம்பு முனைகளில் சேமித்து வைத்திருக்கும் இரசாயனங்களையெல்லாம் ஒரேயடியாகக் கொட்டவைக்கிறது. தசைகள் தளர முடியாமல் இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன. கையில் கடித்தால் வலி தோளுக்கும் மார்புக்கும் ஏறும், காலில் கடித்தால் வயிற்றுக்கும் முதுகுக்கும் ஏறும் என்பது பொதுவான போக்கு, மாறியும் வரலாம். கடித்த இடத்தில் மட்டும் வியர்ப்பது இதன் விசித்திரமான அடையாளம். கூடவே வாந்தி, படபடப்பு, உயர் இரத்த அழுத்தம். வயிறு இறுகுவதால் குடல்வால் என்றும், மார்பு வலிப்பதால் மாரடைப்பு என்றும் மருத்துவர்கள் சந்தேகப்படுவது நியாயமே. அவர்கள் ஸ்கேன் எடுத்ததைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் "விரலில் ஏதோ குத்தியது, கறுப்புச் சிலந்தி ஓடியது" என்று வாசலிலேயே சொன்னீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி எதுவும் இல்லை. கடித்த இடத்தில் பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இருக்காது என்பதால், நீங்கள் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும்.

வீட்டு வைத்தியத்தில் இது அடங்காது. கழுவி, குளிர்ந்த துணி வைத்துக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே வலிக்கும், தசை இறுக்கத்துக்கும் மருந்து கொடுப்பார்கள், தேவைப்பட்டால் முறிமருந்து. எல்லோருக்கும் முறிமருந்து தேவைப்படாது. இந்தக் கடியால் சாவு மிகமிக அரிது. உங்களுக்கு நடந்த மாதிரி ஒன்று முதல் மூன்று நாளில் அடங்கிவிடுவதுதான் வழக்கம். சின்னக் குழந்தை, வயதானவர், இதய நோயாளி, கர்ப்பிணி என்றால் மட்டும் அதிகக் கவனம் வேண்டும். இனி பெட்டி தூக்கும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

டாக்டர், சிலந்திக்கடியால் சதை அழுகிக் குழி விழுந்த படங்களைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. தொடையில் ஒரு கட்டி வந்திருக்கிறது, நாலு நாளாகப் பெரிதாகிறது. நடுவில் மஞ்சளாக முனை தெரிகிறது. எனக்கும் அப்படி ஆகிவிடுமா?
— கல்லூரி மாணவர்

தம்பி, மஞ்சள் முனை என்றால் சீழ். சீழ் என்றால் கிருமி. நீ இந்தக் கடிதத்தை எழுதிய நேரத்துக்கு மருத்துவரிடம் போயிருந்தால் கீறி வெளியேற்றிவிட்டு அன்றைக்கே வீட்டுக்கு வந்திருக்கலாம்.

அந்தப் படங்களில் சொல்லப்படுவது பெரும்பாலும் பிரவுன் ரெக்லூஸ் என்ற பழுப்புச் சிலந்தி. அமெரிக்காவின் நடுப்பகுதியிலும் தென்பகுதியிலும் வாழ்கிறது. அதன் உறவுக்காரச் சிலந்திகள் வேறு நாடுகளிலும் உண்டு. இவை கடித்தால் சில நேரம் தோல் செத்துப் புண்ணாவது உண்மைதான். ஆனால் அதன் சுபாவத்தைக் கேள். அமெரிக்காவில் கேன்சஸ் மாநிலத்தில் ஒரு வீட்டில் ஆறு மாதத்தில் 2,055 ரெக்லூஸ் சிலந்திகளைப் பிடித்து எண்ணினார்கள். நாலு பேர் குடும்பம், பல வருடமாக அங்கேயே வாழ்ந்து வந்தது. அதுவரை ஒருவருக்கும் ஒரு கடிகூட இல்லை.

அதே நாட்டில், கலிபோர்னியாவில், "சிலந்தி கடித்துவிட்டது" என்று அவசரப் பிரிவுக்கு வந்த 182 பேரைப் பரிசோதித்து 2011-இல் வெளியிட்டார்கள். மருத்துவர்கள் சிலந்திக்கடி என்று முடிவு செய்தது 7 பேருக்கு. கிருமித்தொற்று 156 பேருக்கு. ஆஸ்திரேலியாவில் இன்னும் கறாராக ஒரு ஆய்வு செய்தார்கள். கடித்ததைக் கண்ணால் பார்த்து, சிலந்தியையும் பிடித்துக் கொடுத்து, நிபுணர் அடையாளம் காட்டிய கடிகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள், மொத்தம் 750. அதில் சதை அழுகிய புண் ஒன்றுகூட இல்லை. இதையெல்லாம் படித்த பிறகுதான் நான் "எங்கே அந்தச் சிலந்தி, பார்த்தீர்களா?" என்று எல்லோரையும் கேட்க ஆரம்பித்தேன். என்னை எரிச்சல் பிடித்தவள் என்று நினைப்பார்கள், பரவாயில்லை.

உன் கட்டியையும் ரெக்லூஸ் கடியையும் எப்படிப் பிரிப்பது? அந்தக் கடி முதலில் வலிக்காமலேயே போகலாம், இரண்டு முதல் எட்டு மணி நேரத்தில் வலி கூடும். மேடாக எழும்பாது, தட்டையாகவோ லேசாக அமுங்கியோ இருக்கும். நடு வெளுத்தோ நீலம் பாய்ந்தோ இருக்கும், சுற்றி மட்டும் சிவப்பு. சீழ் வடியாது, வறண்டு கறுத்துப் பொருக்காகும். அப்படி வந்தாலும் பெரும்பாலானவை தழும்புகூட இல்லாமல் ஆறிவிடும். உன்னுடையது மேடாக, சூடாக, சீழோடு இருக்கிறது. ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியாதான் இதற்கு வழக்கமான காரணம். அதில் பல மருந்துகளுக்கு அடங்காத ரகமும் உண்டு. விடுதி அறை, விளையாட்டுக்குழு, பொதுத் துண்டு, கடன் வாங்கிய ஷேவிங் ரேசர் வழியாகப் பரவும். சிலந்தி என்று முடிவு கட்டினால் இந்தக் கேள்விகளை யாரும் கேட்க மாட்டார்கள், உன் அறைத்தோழனுக்கும் கட்டி வரும். நீயாகப் பிதுக்காதே. அலமாரியில் மிச்சமிருக்கும் பழைய ஆன்டிபயாடிக்கையும் விழுங்காதே. இன்றைக்கே போ.

சாதாரணக் கடி என்றாலும் ரெக்லூஸ் இருக்கும் நாடுகளில் வசிக்கும் வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடித்த சில நாட்களில் சிறுநீர் கறுத்துப் போனாலோ, கண் மஞ்சளானாலோ, காய்ச்சலோடு வெளிறிப் போனாலோ அது இரத்த அணுக்கள் உடைவதன் அறிகுறி. அரிது, குழந்தைகளுக்குச் சற்று அதிகம். அது அவசரம்.

சிலந்தி கடித்த இடத்தில் தோலுக்கடியில் முட்டையிடுமா?

இடாது. சிலந்தி தன் முட்டையைப் பட்டுப்பை கட்டி அதில் வைக்கும். அடுத்த கேள்வி.

கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிறேன். நேற்று கையில் சிலந்தி கடித்தது, லேசான வீக்கம் மட்டும். பால் கொடுக்கலாமா?

தாராளமாகக் கொடுங்கள். கழுவி, குளிர்ந்த துணி வையுங்கள், வலித்தால் பாராசிட்டமால் எடுக்கலாம். களிம்பு எதையாவது தடவியிருந்தால் அது குழந்தையின் வாயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டெட்டனஸ் ஊசி போடணுமா?

கடைசியாகப் போட்டு ஐந்து ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது, அல்லது எப்போது போட்டோம் என்றே நினைவில்லை என்றால் மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

என் மகன் டரான்டுலா வளர்க்கிறான். கூண்டைச் சுத்தம் செய்தபின் அவனுக்குக் கண் சிவந்து உறுத்துகிறது. கடிக்கவேயில்லை என்கிறான்.

கடித்திருக்காது, முடியை உதறியிருக்கும். அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்த பல டரான்டுலாக்கள் பயந்தால் பின்காலால் வயிற்றைத் தேய்த்து நுண்ணிய முட்களைக் காற்றில் பறக்கவிடும். அவை கருவிழியில் குத்திக்கொண்டால் கண்ணைத் தேய்க்கத் தேய்க்க உள்ளே இறங்கும். தேய்க்காமல் சுத்தமான தண்ணீரில் அலசிவிட்டு உடனே கண் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். டரான்டுலா விஷயத்தையும் சொல்ல வேண்டும், அப்போதுதான் அந்த முட்களை லென்ஸ் வைத்துத் தேடுவார். அடுத்த முறை கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் கூண்டைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிடுங்கள்.

வீடு முழுக்க மருந்து அடித்துவிட்டால் நிம்மதிதானே?

மருந்தடித்தால் சிலந்தியைவிட அது தின்னும் பூச்சிகள்தான் அதிகம் சாகும், வலையில் உட்கார்ந்திருக்கும் சிலந்தி தப்பிவிடும். வலையைத் துடைப்பத்தால் எடுப்பது, கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப் போடுவது, போர்வை தரையில் புரளாமல் பார்ப்பது, நாள்பட்டு எடுக்கிற ஷூவையும் சட்டையையும் உதறிப் போடுவது, வெளி விளக்கைத் தேவையில்லாதபோது அணைப்பது. இவ்வளவு போதும். விளக்குக்குப் பூச்சி வராவிட்டால் சிலந்தியும் வேறு இடம் பார்க்கும்.

கடித்த சிலந்தியை டாக்டரிடம் கொண்டு வரணுமா? அடித்துக் கொன்றுவிட்டால்?

முடிந்தால் கொண்டு வாருங்கள், ஆனால் பிடிக்கப் போய் இரண்டாவது கடி வாங்காதீர்கள். ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகினால் பிடித்துவிடலாம். அடித்துவிட்டீர்கள் என்றாலும் பரவாயில்லை, நசுங்கியதையே மூடியுள்ள டப்பாவில் போட்டு எடுத்து வாருங்கள். கால், கண், வயிறு கொஞ்சம் மிஞ்சியிருந்தாலும் நிபுணர் கண்டுபிடிப்பார். போட்டோ எடுத்தால் மேலிருந்து ஒன்று, அடிவயிறு தெரிய ஒன்று, பக்கத்தில் அளவுக்கு ஒரு நாணயம் வைத்து ஒன்று. டப்பாவை என் மேசையில் வைக்கும்போது முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மாத்திரை டப்பா என்று நினைத்து நான் ஒருமுறை திறந்திருக்கிறேன். அது உயிரோடுதான் இருந்தது.